வில்லுக்குக் கீழே

பாசையூர்ச் சந்தையில்
சுறா நிறுக்கும் தட்டுத் தராசில்
என் காரின் பின்னச்சை ஏற்றினோம்.
எழுபத்தெட்டுக் கிலோ.
"மீனெண்டால் நானே எடுத்திருப்பன்" என்றா ஆக்னேஸ் அக்கா.
தட்டுக் கழுவ நூறு ரூபா வாங்கினா.
இறக்கும்போது பார்த்தேன்,
கறுத்த கிறீசில் இரண்டு செதில்.

ஒஸ்ரின் கேம்பிறிஜ், அறுபத்திரண்டாம் ஆண்டு.
ஸ்காபரோவிலிருந்து ஐங்கரன்
தன் மஸ்டாங்கின் அடிவயிற்றைப் படமெடுத்து அனுப்புவான்:
அலுமினியம், கரிநார் வில்,
நீல நிறத்தில் ஷொக் அப்சோபர்.
விலையையும் கேட்காமலே எழுதுவான்.
கூட்டிப் பார்த்தேன்.
அந்தக் காசுக்கு என் வீட்டுக்கு ஓடு மாற்றி
மிச்சத்தில் கிணறும் தூர்வாரலாம்.
என்னிடம் இருந்தது
சீட்டெடுத்த எண்பத்தையாயிரம்.

குணசோதி கறாச் நிலத்தில்
சோக்கால் ஒரு கோடு கீறினான்.
"இது வில்லு.
மேல இருக்கிற பாரத்துக்குச் சொகுசு.
கீழ இருக்கிறது பாவம்,
ஒவ்வொரு கிடங்குக்கையும் விழுந்து எழும்புறது அதுதான்.
கீழ ஒரு கிலோ குறைச்சா
மேல நாலு குறைச்ச மாதிரி.
கணக்குக் கேக்காத.
ஓடேக்கை தெரியும்."

சுன்னாகத்தில் ஒரு லைட்ஏஸ் வான்
மதிலில் மோதி முகமில்லாமல் நின்றது.
பின்னச்சில் ஒரு கீறலுமில்லை.
நாற்பது சொன்னார்,
தேத்தண்ணி ஆறுவதற்குள் முப்பத்தொன்றுக்கு வந்தார்.
நாடா பிடித்தால் இரண்டங்குலம் அகலம்.
மட்காட்டின் விளிம்பை மரச்சுத்தியலால்
உள்ளே மடித்தான் குணசோதி,
தொப்பையை எக்கி சாரம் கட்டுகிறவன் மாதிரி.
மறுபடியும் பாசையூர்.
ஐம்பத்தாறு.
அக்கா இம்முறை காசு வாங்கவில்லை,
"மெலிஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னா.

வில்லில் ஏழு தட்டென்று புத்தகம் சொன்னது.
கழற்றினால் ஒன்பது.
கடைசி இரண்டும் வேறு இரும்பு,
லொறியொன்றில் வெட்டியது,
விளிம்பில் அரம் போட்ட அடையாளம் கூட ஆறவில்லை.

முன்னைய சொந்தக்காரர் சவிரிமுத்து
இப்போது வவுனியாவில்.
தொலைபேசியில் கேட்டேன்.
"ஓம், நான்தான் போட்டனான்.
அந்த ஐப்பசியில.
பன்ரெண்டு பேர், ஒரு தையல் மெசின்,
அரிசி மூட்டை ரெண்டு.
நாவற்குழிப் பாலம் தாண்டுமட்டும்
முறியாம இருந்தாக் காணும் எண்டு நினைச்சன்."
பிறகு ஏன் கழற்றவில்லை?
"பிறகு ஆருக்கு நேரம், தம்பி."

அப்படியென்றால் இத்தனை வருடமும்
நான் தனியே ஓட்டிய போதெல்லாம்
பன்னிரண்டு பேருக்காக விறைத்து நின்றிருக்கிறது
என் முதுகுக்குப் பின்னால் இந்த வண்டி.
டொக்டர் என் இடுப்புக்கு
வேறு காரணம் சொல்லியிருந்தார்.

"ரெண்டையும் எடுத்தாச்சோ?"
எடுத்தாச்சு.
"எவ்வளவு பாரம்?"
ஒன்பதரைக் கிலோ.
கொஞ்சநேரம் சத்தமில்லை.
"அவ்வளவுதானோ" என்றார்.

சோடி ஷொக் பழசு, பதினாலாயிரம்.
புஷ், போல்ட், வெல்டிங் கூலி,
குணசோதி குடித்த பிளேன்ரீ
எல்லாம் கலண்டர்த் தாளின் பின்பக்கம் இருக்கிறது.
பழைய அச்சை இரும்புக்காரன் கொண்டுபோனான்.
அந்த இரண்டு தட்டையும் ஆக்னேஸ் அக்கா கேட்டா.
கத்தி அடிக்க நல்ல இரும்பாம்.
ஒன்றைத்தான் கொடுத்தேன்.
மற்றது ஏன் கறாச் மூலையில் நிற்கிறதென்று
எனக்கும் தெரியாது.

சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி
பூநகரி றோட்டில் எண்பது பிடித்தேன்.
எழுபதில் டிபரன்ஷல் மெல்ல முனகும்,
எழுபத்தைந்தில் மறந்துவிடும்.
கிடங்கொன்று வந்தது.
முன்சில்லு விழுந்தது,
பின்சில்லுக்காகப் பல்லைக் கடித்தேன்.
பழக்கம்.
ஒன்றும் வரவில்லை.
அடுத்த கிடங்கை நானாகத் தேடிப் போய் விழுத்தினேன்.

ஒரு குறைதான்.
ஹாண்ட் பிரேக் கேபிள் நாலங்குலம் கட்டை,
சீட்டுக்காசும் முடிந்துபோயிற்று.
நிறுத்தும் இடமெல்லாம் இறங்கி
பின்சில்லுக்குக் கல் வைக்கிறேன்.
எடுத்தால் டிக்கிக்குள் போடுகிறேன்.
அதன் நிறையை
இன்னும் பார்க்கவில்லை.